எப்போது என்று தொடங்கும் வரி

சோதனையை ஓட்டிவிட்டேன். இனி இது முடிகிறவரை எனக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களே என்று என் வீட்டுக்காரர் சாம்சன் கிண்டல் செய்வார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டினால் எப்படியும் டீ வருகிற நேரம்வரை இழுத்துவிடும். எங்கோ ஓர் ஊரில், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, வாடகைக்குக் கிடைக்கிற கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கண்விழித்து ஆளுக்கொரு பிரவுசரைத் திறந்திருக்கும், ஒன்று பழைய போனாக வேஷம் போட்டிருக்கும், ஒன்று பளபளக்கும் புது லேப்டாப்பாக, ஒன்று சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையடிவாரத்து மொபைலாக, ஆனால் எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான், ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்துக்காக நாங்கள் செய்துகொண்டிருக்கும் வெப்சைட், எல்லாம் செய்கிற காரியமும் ஒன்றுதான், டயாலிசிஸுக்குப் படுக்கை பிடிப்பது. ஆள் இல்லாமல் அம்புக்குறி மட்டும் தானாக நகர்ந்து பெயர் எழுதுவதையும் பொத்தான் அழுத்துவதையும் பார்த்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேய் வீடு என்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ஒவ்வொரு சோதனைக்கும் எங்கள் வழக்கில் காட்சி என்று பெயர், ஒரு காட்சி சரியாக முடிந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எல்லாம் பச்சையானால் நான் எங்கள் மேனேஜர் தாமோதரன் சாரிடம் சரி என்று சொல்வேன், நான் சரி சொன்னால் சாயங்காலம் வெப்சைட் வெளியே போய்விடும், நாளைக் காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் கேட்டுப் பெயர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் இதில் பெயர் இருக்கிறவருக்குத்தான் படுக்கை. அவ்வளவுதான் விஷயம், அந்தச் சரியை நான் சொல்ல வேண்டும், அதைத்தான் காலையிலிருந்து சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஓட்டியபோது ஒரே ஒரு காட்சி சிவப்பானது. சிவப்பானால் அது தானாகவே மறுபடி ஓடும், அப்படி ஓடியதில் பச்சையாகிவிட்டது, கணக்கில் பச்சை என்றே ஏறிவிட்டது. தாமோதரன் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு அது ஃப்ளேக்கிங்க மேடம், விடுங்க என்றார். ஃப்ளேக்கி என்றால் ஒரு நாள் தேறும், ஒரு நாள் தேறாது, காரணம் கேட்கக் கூடாது. வீட்டில் மண்டையைப் பிளந்த தலைவலி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் காணாமல் போகுமே, அந்த மாதிரி. தலைவலி இல்லை என்று அர்த்தமா, டாக்டரைப் பார்த்து அது பயந்துவிட்டது என்று அர்த்தமா. எங்கள் தொழிலில் யாரும் அதை யோசிப்பதில்லை, மறுபடி ஓட்டு, பச்சையானால் வீட்டுக்குப் போ. நானும் இத்தனை வருஷம் அப்படி எத்தனையோ தடவை வீட்டுக்குப் போனவள்தான். இன்று மட்டும் மனசு ஏன் அந்த இடத்திலேயே துப்பட்டா மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறது என்று தெரியவில்லை. மதியம் இன்னொரு முறை முழுசாக ஓட்டிப் பார்க்கிறேன் சார் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நல்ல மனிதர், ஆனால் அடுத்த மாதம் எங்கள் அணியில் ஓர் ஆளைக் குறைக்கப் போகிறார்கள், யாரைக் குறைப்பது என்று எழுதுகிற கை அவருடையது. இந்த அலுவலகத்து இன்ஷூரன்ஸில்தான் சாம்சனின் இரத்தம் வாரம் மூன்று முறை சுத்தமாகிறது.

இந்நேரம் ஊசி ஏற்றியிருப்பார்கள். போனை மேஜைமேல் மல்லாக்க வைத்திருக்கிறேன், அழைப்பு வந்தால் தெரிய வேண்டும், வரவும் கூடாது. டயாலிசிஸுக்குப் போகிற நாட்களை அவர் மீட்டிங் என்று சொல்வார், எனக்கு இன்னிக்கு மீட்டிங் இருக்கு பியூலா, முக்கியமான ஆட்கள் எல்லாம் வருவாங்க, எல்லாரும் படுத்துக்கிட்டேதான் பேசுவோம் என்பார். கணக்கு டியூஷன் எடுக்கிறவர், மீட்டிங் நாட்களில் மட்டும் பிள்ளைகளுக்கு விடுமுறை. அவர் போகிற இடம் வேறு, நாங்கள் வெப்சைட் செய்கிற இடம் வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இந்த வேலை வந்தபோது தாமோதரன் சார் நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். உங்களுக்கு டொமைன் தெரியுமுங்களே மேடம் என்றார், யாருக்காக வெப்சைட் செய்கிறோமோ அவர்கள் தொழிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டொமைன். என் புருஷனின் இரண்டு சிறுநீரகங்களுக்கும் அலுவலகத்தில் அப்படி ஒரு பெயர் கிடைத்தது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது, வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சாம்சன் வயிறு குலுங்கச் சிரித்தார், அப்ப நான் உனக்கு ட்ரெய்னிங் மெட்டீரியலா என்றார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அலுவலகத்தில் நான் அவரைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எந்த மீட்டிங்கிலும் என் வீட்டில் இப்படி, என் வீட்டுக்காரருக்கு அப்படி என்று சொன்னதில்லை. தெரிந்ததைச் செய்வேன், அவரை இழுத்து நடுவில் போட மாட்டேன். அவர் உடம்பு அவருடையது, இந்த ஏசி அறையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு இல்லை.

முதல் பதினைந்து இருபது காட்சிகள் பச்சை. ஒவ்வொரு காட்சியின் வரிகளும் திரையில் ஓரமாக ஓடுகின்றன, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது. எல்லா வரியும் இந்த மூன்று சொல்லில் ஒன்றில்தான் தொடங்க வேண்டும், அப்படித் தொடங்கினால்தான் இந்தச் சோதனைக் கருவிக்குப் புரியும். ஆங்கிலத்திலேயே எழுதியிருப்போம், ஆனால் ஆஸ்பத்திரி சார்பில் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவர் சிஸ்டர் அமலோற்பவம், டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ், அவர் தமிழில் கொடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருவியில் தமிழும் உண்டு என்று என்னோடு காட்சி எழுதுகிற நஸ்ரீன் கண்டுபிடித்தாள். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ அந்தச் சொற்களைத் தமிழில் போட்டு வைத்திருக்கிறார், அழுத்தும்போது என்பதில் வருகிற போதுக்குப் பதில் எப்போது என்று கேள்வியாகவே போட்டுவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் வென் என்ற அந்தச் சொல் வரிக்கு முன்னால் நிற்கும், தமிழில் அது வரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும், வாலைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து வைக்க முடியுமா. நாங்களும் பேசாமல் எழுதினோம். கொடுக்கப்பட்ட, நோயாளி தன் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறார். எப்போது அவர் உறுதி என்ற பொத்தானை அழுத்துகிறார். அப்பொழுது அந்தத் தேதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அனுப்பிய மறுநாள் சிஸ்டர் போன் செய்தார், குரலில் கோபமில்லை, கொஞ்சம் அலுப்பு. எல்லாத்துக்கும் எப்போது எப்போதுன்னு கேட்டிருக்கீங்களேம்மா, ஆளுக்கு ஆள் மாறுமே, நான் எப்படிச் சொல்ல என்றார். நான் விளக்குவதற்குள் அவர் பொறுமையாக ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எப்போது அவர் பெயர் எழுதுகிறார்? முதல் தடவை மட்டும்தான், அதுவும் மகனோ மகளோ எழுதித் தருவார்கள். எப்போது அவர் அடுத்த தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன பிறகு. எப்போது அவர் உறுதி என்ற பொத்தானை அழுத்துகிறார்? "அதெல்லாம் மிஷின்ல படுத்திருக்கும்போதேதாம்மா. ஒத்தக் கையால. அடுத்த தேதிய வாங்காம எந்திரிக்க மாட்டாங்க." நஸ்ரீன் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் அது கேள்வி இல்லை என்று சொன்னேன். அப்ப ஏம்மா எப்போதுன்னு போட்டீங்க என்று கேட்டார்.

அதிலிருந்து எனக்கும் அந்த வரி கேள்வியாகவே காதில் விழுகிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையே கிடையாது. எப்போது ஆபரேஷன், எப்போது கிட்னி கிடைக்கும், எப்போது உங்கள் முறை வரும், பாளையங்கோட்டையிலிருந்து அவர் அக்கா ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்ததும் போன் செய்து கேட்பார், எங்கள் வரிசை எண்ணைச் சொன்னால் அது குறைஞ்சிருக்கா கூடியிருக்கா என்பார். குறையும், அப்புறம் நிற்கும். கேட்பது அவர் பாசம், தெரியும், ஆனாலும் அந்த அழைப்பு வரும்போது நான் அடுப்படிக்குப் போய் இல்லாத பாத்திரத்தைக் கழுவுவேன். இந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவற்றுக்கு எப்போது என்று ஒரு வரி வந்தால் அடுத்த வரியே அப்பொழுது. நடுவில் காத்திருப்பு கிடையாது, அக்கா கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எனக்கும் வாழ்க்கையில் ஒரே ஒரு அப்பொழுது வேண்டும், அதைப் பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஏசி நேராகத் தலையில் இறங்குகிறது, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன், அங்கே அவருக்கும் குளிரும், இரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறதில்லையா, உள்ளங்கால் சில்லிட்டுப் போகும், சிவப்புக் கம்பளியைப் பையில் வைத்தேனா. வைத்தேன். மடித்து வைத்து அதற்குமேல் பிஸ்கட் வைத்தேன். வைத்த மாதிரிதான் இருக்கிறது. போன் சும்மா கிடக்கிறது, குளிர்ந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார், அவருக்கு வாய் இருக்கிறது.

பெயர் இல்லை என்று ஒருத்தி எங்களிடம் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அவருடைய ஆஸ்பத்திரியில் போய் நின்றோம், கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு உங்க பேரு இல்லீங்களே என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம், அவள் பாவம் போலச் சொன்னாள். முன்னமே பெயர் கொடுத்தோம் என்று நாங்கள் சொன்னது நிஜம், அவள் பார்த்ததும் நிஜம், நடுவில் எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லாப் படுக்கையிலும் ஆள். திரும்பி வந்து, அதற்குப் பிறகு அவர் படுக்கவே இல்லை, படுத்தால் மூச்சு முட்டும், உடம்பில் சேர்ந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும், சாப்பாட்டு மேஜையில் தலையணையை வைத்து அதில் கவிழ்ந்து நாற்காலியிலேயே இருந்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. எதையாவது பேசு பியூலா, எதையாவது பேசு என்றார், எனக்கு எதுவும் தோன்றாமல் அலுவலகத்துக் காட்சிகளை ஒப்பித்தேன், அவர் மூச்சை இழுத்து இழுத்து, கொடுக்கப்பட்ட, வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மறுநாள் காலையில் அவசரம் என்று சண்டை போட்டுச் சேர்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டோம். ஆனால் அந்த மூச்சுச் சத்தம் என் காதில் தங்கிவிட்டது, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட ஒரு நொடி எழுந்து பார்க்கிறேன்.

சிவப்பு. அதே காட்சி, மலையடிவாரத்து மொபைலாக நடிக்கிற அதே கம்ப்யூட்டரில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக மறுபடி ஓடிப் பச்சையாகிவிட்டது, நல்ல பிள்ளை மாதிரி. தாமோதரன் சார் அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார், அவர் திரையில் பச்சை மட்டும்தான் தெரியும். நானும் சிரித்தேன். சரி என்று சொல்லிவிடலாம். இதோ எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம், ஒரு சொல்தான், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு சரவணம்பட்டி வழியாக ஆட்டோவில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் சிவப்பான ஓட்டத்துக்கும் ஒரு வீடியோ இருக்கும், ஓடுகிற எல்லாவற்றையும் அந்த வாடகைக் கம்ப்யூட்டர்கள் படம் பிடித்து வைக்கும், பச்சையான பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். அம்புக்குறி வந்தது, உறுதி என்ற பொத்தானை அழுத்தியது. பக்கம் அசையவில்லை, மெதுவான இணைப்பு அல்லவா, சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்புக்குறி காத்திருந்தது. பிறகு இன்னொரு முறை அழுத்தியது. அதே நொடியில்தான் முதல் அழுத்தத்துக்குப் பதில் வந்து பொத்தானின் பெயர் மாறியிருக்கிறது, உறுதி இருந்த அதே இடத்தில் விடுவி என்று வந்திருக்கிறது, இரண்டாவது அழுத்தம் அதன்மேல் விழுந்தது. பெரிய பச்சை டிக் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. உங்கள் படுக்கை விடுவிக்கப்பட்டது, நன்றி. கடைசி வரி, அப்பொழுது அந்தத் தேதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்தால் பெயர் இல்லை. நான் வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி பார்த்தேன், மறுபடி பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அது நன்றி சொன்னது.

இரண்டாவது முறை ஏன் அழுத்துகிறது என்பது பெரிய ரகசியம் இல்லை. எங்களோடு இருந்து பிறகு வெளிநாடு போய்விட்ட மகேந்திரன் எழுதிய ஒரு வரி அது, பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை அழுத்து என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வரி, அலுவலகத்து நெட் மோசமாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் உதவியது. அதை எடுத்துவிட்டால் போதும், இந்தக் காட்சி இனிமேல் எந்நாளும் சிவப்பாகாது. எடுத்தேன். ஓட்டினேன், பச்சை. மறுபடி ஓட்டினேன், பச்சை. எவ்வளவு சுத்தமான பச்சை. இதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, சோதனை ஆடினால் சோதனையைச் சரி செய்வோம், ஃப்ளேக்கியைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லலாம், தாமோதரன் சார் மெயிலில் பாராட்டுவார், அடுத்த மாதம் யாரைக் குறைப்பது என்று எழுதும்போது அந்த மெயில் நினைவுக்கு வரலாம். கைவிரல் சேமி என்பதன்மேல் இருக்கிறது, அழுத்த வேண்டியதுதான். அழுத்தாமல் ஏன் சிஸ்டர் அமலோற்பவத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மிஷினில் படுத்திருக்கும்போதே. ஒத்தக் கையால. நாங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோமே, அந்தப் பதில். படுத்திருக்கிறவருக்குப் போன் முகத்துக்குமேல் இருக்கும், ஒரு கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது, இன்னொரு கையின் கட்டைவிரல் எட்டாத பொத்தானை எட்டி அழுத்தும், அழுந்தியதா இல்லையா என்று அந்த விரலுக்குத் தெரியாது, பக்கமோ சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு என்ன செய்வார். சாம்சன் என்ன செய்வார். அவர் எனக்கு மெசேஜ் அனுப்பினாலே இரண்டு தடவை வரும், முடிஞ்சுது வா, முடிஞ்சுது வா. இத்தனை நாளாய் அந்த வாடகைக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் நோயாளி மாதிரி நடந்துகொண்டிருந்தது, நாங்கள்தான் அதைக் குறும்புக்காரப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி ஓட விட்டிருக்கிறோம். எவ்வளவு சுலபமாகச் சேமி என்பதை அழுத்தியிருப்பேன். வரியைத் திரும்பப் போட்டேன். அது போதாது என்று தோன்றியது, யாராவது மறுபடி எடுத்துவிடுவார்கள், அதனால் தனியாகப் புதுக் காட்சி ஒன்று எழுதினேன். எப்போது அவர் உறுதி என்ற பொத்தானை அழுத்துகிறார், மேலும் பதில் தெரியாமல் இன்னொரு முறை அழுத்துகிறார், அப்பொழுது அந்தத் தேதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மெதுவான மொபைலில் ஓட்டினேன். சிவப்பு. தானாக மறுபடி ஓடியது, சிவப்பு. கடைசி முறையும் சிவப்பு. தலைவலி டாக்டர் முன்னாலேயே வந்து நின்றுவிட்டது, எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

தாமோதரன் சார் டீ டம்ளரோடு வந்து, என்னங்க மேடம், சொல்லிரலாமுங்களா என்று கேட்டார். இல்லை சார் என்று வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் புருவத்தைச் சுருக்கி முழுசாகப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்த்ததையே சொன்னார், வழக்கமாக நாங்கள் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார், அந்த ரெண்டாவது அழுத்தத்தை எடுத்துடுங்க, சரியாயிரும், ஆஸ்பத்திரியில எல்லாரும் காத்துட்டிருக்காங்க என்றார். எடுத்துப் பார்த்தேன் சார், பச்சைதான் வருது, ஆனால் வெப்சைட் அப்படியேதான் இருக்கு என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "அப்படி மனுசங்க யாருங்க மேடம் ரெண்டு தடவ அழுத்துவாங்க?"

சொல்லக் கூடாது என்று இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேறு பதில் இருக்கிறதா என்று ஒரு நொடி தேடினேன், பயனர்கள், மெதுவான இணைப்பு, வயதானவர்கள், எல்லாமே அவர் தலையாட்டிவிட்டுக் கடந்து போகக்கூடிய சொற்கள். "எங்க வீட்டுக்காரர் அழுத்துவாரு சார்" என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, பக்கத்தில் நஸ்ரீனின் விரல்கள் கீபோர்டில் நின்றுபோயின. தாமோதரன் சார் டம்ளரை என் மேஜையில் வைத்தார். திரையைப் பார்த்தபடியே, எந்தக் கையிலங்க ஊசி போடறாங்க என்று மெதுவாகக் கேட்டார். டொமைன் என்று சொன்ன நாளிலிருந்து இன்றுவரை அவர் கேட்காத கேள்வி அது, நானும் சொல்லாத பதில். "வலது கையில சார். மொதல்ல இடதுலதான் போட்டாங்க, அது அடைச்சுப் போச்சு. வலதுதான் எழுதுற கை. மிஷின்ல இருக்கும்போது அவருக்கு எல்லாமே இடது கையாலதான்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தது வலது கை, ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு இடது கைக்கு மாற்றினார். நாற்காலியில் சரிந்து சாய்ந்து, வலது கையைக் கைப்பிடிமேல் நீட்டி வைத்து, அசைக்காமல், சோதனைக்காக வைத்திருக்கும் எங்கள் பக்கத்தைத் திறந்தார். பெயர் கேட்டது, வாய்க்கு வந்த ஒரு பெயரை இடது கட்டைவிரலால் தப்பும் தவறுமாக அடித்தார். ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தார். உறுதி என்ற பொத்தான் திரையின் வலது ஓரத்தில் இருந்தது, விரலை நீட்டி எட்டி அழுத்தினார். சக்கரம் சுற்றியது. எங்கள் சோதனைப் பக்கம் இந்த நேரத்தில் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது, பிறகு தானாகவே போய் இன்னொரு தடவை அழுத்தியது. பச்சை டிக் வந்தது. அவர் அதைப் படித்தார், போனைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் இன்னொரு முறை படித்தார். பட்டியலுக்குப் போய்க் கீழேவரை தள்ளிப் பார்த்தார். வலது கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. அதைக் கைப்பிடிமேல் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு, இடது கையாலேயே சிஸ்டர் அமலோற்பவத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, நாளைக்குப் போனில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று சொன்னார்.